குடிக்கப்படாத காப்பி

வியாழக்கிழமை காலை, மஃப்ரக் நகரில் ஒரு கைப்பேசிக் கடையின் மாடியிலிருந்த நஜ்லாவின் ஒற்றை அறை அலுவலகத்துக்குள் ஃபவாஸ் சலாம்கூடச் சொல்லாமல் நுழைந்தான். நேராகச் சென்று லைத்தின் சட்டையைப் பிடித்தான்.

“என் தங்கச்சியைக் காட்டிக் குடுத்துட்டியேடா!”

ஃபவாஸின் தங்கை வத்ஹா, அவர்கள் ஊரில் வீட்டுக்கொரு பெண் வேலைக்குப் போகும் தையல் ஆலையொன்றின் விடுதியில் துப்புரவுப் பணி செய்பவள். வெளிநாட்டிலிருந்து வந்த பதினோரு பெண்களின் பாஸ்போர்ட்டுகளை ஆலைக்காரர்கள் அலமாரியில் பூட்டி வைத்திருப்பதைக் கண்டவள். அவள் சொன்னதை அவள் வீட்டிலேயே படம்பிடித்தவனும், வெட்டித் தொகுத்தவனும் லைத். அந்தப் படம் இணையத்தில் வெளியாகி எட்டு நாளாகிறது. ஞாயிற்றுக்கிழமை அவள் நீதிமன்றத்தின் மூடிய அறையில் சாட்சி சொல்ல வேண்டும்.

“சட்டையை விடுங்க. உட்காருங்க” என்றார் நஜ்லா. மனித உரிமைப் படங்களைச் சரிபார்ப்பதில் பதினைந்து ஆண்டுகளைக் கழித்த அவருக்குக் குரலை உயர்த்தும் வழக்கமில்லை. “நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லுங்க.”

ஃபவாஸ் மூச்சு வாங்கினான். “ஆலையோட அடியாள் முத்லக் செவ்வாய்க்கிழமை எங்க ஊருக்கு வந்தான்க்கா. அந்த வீடியோல பேசின பொம்பளை யாருன்னு தேடி வந்திருக்கான். எங்க தெருன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? உங்க ரெண்டு பேரைத் தவிர யாருக்குத் தெரியும்?”

“உங்க வீட்டுக்கு வந்தானா?”

“இல்ல. பக்கத்து வீட்டு அபூ கலஃப் மாமா வீட்டுக்கு. ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான்.”

“காப்பி குடுத்தாரா?”

“அவர் குடுக்காம இருப்பாரா? இவன்தான் தொடல. கிண்ணத்தைத் தரையில வெச்சுட்டான். கடைசியில மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு எங்க வாசல் வழியாவே போனான். வத்ஹா வாசல்லதான் மாவு சலிச்சுக்கிட்டிருந்தா. அவன் அவளைத் திரும்பிக்கூடப் பாக்கல.”

நஜ்லா அந்தப் பதிலைத் தாளில் குறித்துக்கொண்டு, “படத்தைப் போடு, லைத்” என்றார்.

திரையில் ஒரு கரிய உருவம் தோன்றியது. பின்னால் கறுப்புத் துணி. குரல், கிணற்றுக்குள்ளிருந்து ஓர் ஆண் பேசுவதைப் போலத் தாழ்த்தப்பட்டிருந்தது. அந்தப் பேச்சுக்கு அப்பால் தொலைவில் ஏதோ இடிபடும் ஓசையும் கேட்டது.

“எடுத்த இடம், நேரம் எல்லாத்தையும் கோப்பிலேர்ந்து அழிச்சுட்டேன்க்கா. கைவிரல்கூடத் தெரியாது. குரலையும் மாத்தியாச்சு. நான் அப்பவே ஒண்ணு...” என்று தொடங்கிய லைத், நஜ்லாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

“திரும்பப் போடு.” இம்முறை நஜ்லா திரையைப் பார்க்கவில்லை. நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக் கண்களை மூடிக்கொண்டார். படம் முடிந்த பின்பும் அவர் கண் திறக்கவில்லை. பிறகு எழுந்து கைப்பையை எடுத்தார்.

“கிளம்பலாம். காட்டிக் குடுத்தது யாருன்னு உங்க ஊர்ல வெச்சுச் சொல்றேன்.”

ஃபவாஸின் ஊரான உம் ஸிதர் வரையிலான ஒரு மணி நேரப் பயணத்தில் ஃபவாஸ் லைத்தின் பக்கம் திரும்பவேயில்லை.

அபூ கலஃபின் விருந்தினர் அறையில் ஐவரும் அமர்ந்தனர். வத்ஹா கதவோரம் இருந்தாள். நஜ்லா கிழவர் அபூ கலஃபுக்குச் சலாம் சொல்லி, “ஒரு தடவை காப்பிக்கொட்டை இடிச்சுக் காட்டுவீங்களா மாமா?” என்று கேட்டார்.

அவர் மர உரலை இழுத்துக் கால்களுக்கிடையே நிறுத்தினார். இரண்டு கனத்த இடி, ஓர் இடைவெளி, மூன்று விரைந்த இடி, முடிவில் உரலின் விளிம்பில் ஒரு தட்டு. நஜ்லா கைப்பேசியில் அந்தப் படத்தை ஓடவிட்டார். கிணற்றுக் குரலுக்குப் பின்னே அதே இரண்டு, அதே மூன்று, அதே தட்டு.

“யா அல்லாஹ்! என் உரலு!” என்றார் கிழவர்.

“குரலைத் தாழ்த்தினா ஓசையோட கனம் மாறும், தாளம் மாறாது” என்றார் நஜ்லா. “வீட்டுக்கு வீடு இடிக்கிற தாளம் வேற. முத்லக் சின்ன வயசுல இங்க வந்திருக்கானா?”

“அவன் அப்பன் மடியில உட்கார்ந்து இந்த அறையில எத்தனை தடவை தூங்கியிருக்கான்!”

“அதான் உரல் இருக்கிற வீட்டுக்கு வந்திருக்கான், பேசினவ வீட்டுக்கு இல்ல. ஒருத்தர் பேரைச் சொல்லியிருந்தா இங்க எதுக்கு வரணும்? வாசல்ல இருந்த வத்ஹாவை எப்படிப் பாக்காம போவான்? கேட்டது கிடைக்கிற வரைக்கும், இல்ல கேட்டதைக் கைவிடுற வரைக்கும், காப்பியைத் தொடாம வெக்கிறதுதானே வழக்கம்? அவன் கேட்டது அந்தப் பேரு. நீங்க என்ன சொன்னீங்க மாமா?”

“‘காப்பி ஆறிடுச்சுப்பா, உள்ள எடுத்துட்டுப் போகட்டுமா’ன்னு கேட்டேன். என் வாசல்லேர்ந்து ஒருத்தன் குடிக்காம போனது அன்னைக்குத்தான். வெள்ளிக்கிழமை திரும்ப வர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான்.”

ஃபவாஸ் தலையைப் பிடித்துக்கொண்டான். “நானும் பத்து தடவை பார்த்தேனே! எனக்கு ஏன் கேக்கல?”

“பிறந்ததுலேர்ந்து கேக்குறீங்க. உங்க காதுக்கு அது சத்தமே இல்ல. ஆனா லைத் தலைநகர் அம்மான்லேர்ந்து வந்தவன், அவனுக்குக் கேட்டுச்சு. ‘அந்த ஓசையை எடுத்துடட்டுமாக்கா’ன்னு கேட்டான். ‘இருக்கட்டும், வீட்டுல உட்கார்ந்து பேசுற மாதிரி இருக்கு’ன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டவ ஒருத்தி. காட்டிக் குடுத்தது அவதான்.” நஜ்லா வத்ஹாவை நேராகப் பார்த்தார். “நான்தான் வத்ஹா. என்னை மன்னிக்கணும்னு கேக்க எனக்கு உரிமை இல்ல. படத்தை இணையத்துலேர்ந்து நீக்கிட்டேன், ஆனா பிரதிகள் எங்கெங்கயோ இருக்கும். சாட்சி வேண்டாம்னு நீ சொன்னா, அதுதான் முடிவு.”

“அந்தப் பொண்ணுங்க பாஸ்போர்ட் இன்னும் அலமாரிலதான் இருக்கு” என்றாள் வத்ஹா. “ நான் போவேன். ஆனா ஞாயித்துக்கிழமைக்குள்ள அவனுக்கு என் பேரு தெரியக் கூடாது. அதுக்கு வழி சொல்லுங்க.”

நஜ்லா கிழவர் பக்கம் திரும்பினார். “வழி மாமா கையில இருக்கு. அந்தத் தாளத்தை ஊருக்கே குடுக்கணும்.”

அபூ கலஃப் உலக்கையைத் தடவினார். “என் தகப்பன் குடுத்தது. என் தம்பிக்கே சொல்லித் தரல நான், தெரியுமா?” பிறகு வத்ஹாவைப் பார்த்துப் பெருமூச்சுவிட்டார். “ஃபவாஸ்! எல்லா வீட்டுக்காரனையும் உரலோட வரச் சொல்லுடா. தப்பா இடிக்கிறவன் மண்டையிலதான் அடுத்த இடி!”

வெள்ளிக்கிழமை பிற்பகல், அஸர் தொழுகைக்குப் பிறகு முத்லக் மீண்டும் வந்தான். லைத் சாதாரண விருந்தாளியாக ஃபவாஸின் அருகே அமர்ந்திருந்தான். கிழவர் காப்பி ஊற்றிக் கொடுத்தார். முத்லக் கிண்ணத்தைத் தரையில் வைத்தான்.

“அதே பேருதான் மாமா. உங்க உரல் சத்தம் எந்தப் பக்கத்து வீட்டுல கேக்கும்னு சொன்னாலே போதும்.”

“என் உரலா?” என்றார் அபூ கலஃப். “கொஞ்சம் கேட்டுப் பாரேன் தம்பி.”

வலப்புறத்து வீட்டில் எழுந்தது அந்த ஓசை: இரண்டு, இடைவெளி, மூன்று, ஒரு தட்டு. எதிர்வீட்டிலும் எழுந்தது. தெருக்கோடியிலும் பள்ளிவாசலுக்கு அப்பாலும், அதே இரண்டு, அதே மூன்று, அதே தட்டு. ஒரே ஒரு வீட்டில் மட்டும் தட்டு சற்றுப் பிந்தியது. கிழவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

முத்லக் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய முதலாளிக்கு வேண்டியது ஒரு பெயர். பதினேழு வீடுகள் அல்ல.

லைத் கிண்ணத்தை விட்டுக் கண்ணெடுக்காமல் அமர்ந்திருந்தான். முத்லக்கின் கை மெல்லக் கீழிறங்கியது, கிண்ணத்தை எடுத்தது. அவன் காப்பியை ஒரே மடக்கில் குடித்து முடித்தான். எழுந்து வெளியேறியவன், வாசலில் மாவு சலித்துக்கொண்டிருந்த வத்ஹாவைக் கடந்து வண்டிக்குப் போனான்.

இம்முறையும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை.