மூச்சு நீக்கிய சரணம்

ஆறாவது டிராக்கில் கோடு அசையவே இல்லை. மற்ற ஏழிலும் குரல்கள் மேடும் பள்ளமுமாகப் படர்ந்திருக்க, அக்கா பாடியதில் மட்டும் ஒரு நேர்கோடு திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை போயிற்று.

அவன் ஹெட்போனைக் காதோடு அழுத்தி, ஒலியை முழுதாக ஏற்றினான். சுவரெல்லாம் நுரைப்பலகை ஒட்டிய சின்ன அறை அது. தெருவில் மழை பெய்கிறதா என்று தெரிய வேண்டுமானால் வெளியே போய் நனைய வேண்டும். பழைய ஹெட்போன் தோலின் வியர்வை நெடி, லேப்டாப்பின் சூடு, காதுக்குள் தன் ரத்தம் ஓடும் இரைச்சல். வேறொன்றும் இல்லை.

திங்கட்கிழமை அக்காவின் குரல்வளையை எடுத்துவிடப் போகிறார்கள். தொண்டையில் கட்டி. அப்புறம் கழுத்தில் ஒரு துளை வழியாக மூச்சு விடலாம், பேச முடியாது. அக்கா மகளுக்கு நிறைமாதம். "பிறக்கிற பிள்ளை அம்மா பாட்டைக் கேக்கணும் மாமா" என்று அவள் கேட்டதற்காகத்தான், பிரார்த்தனைக் கூடத்துப் பாட்டுக்குழு எட்டுப் பேரையும் நிற்கவைத்து, ஆளுக்கொரு மைக் கொடுத்து, அன்று பகலில் பதிவு செய்திருந்தான்.

பகலில் அந்தக் கூடத்தில் அவன் லேப்டாப்பைத் திறக்கும்போதே அத்தான் ஆரம்பித்துவிட்டார்.

"மாப்ளே, போன தடவை மாதிரி இதுவும் பாதியில தூங்கிடாதே?"

"அது வேற சாஃப்ட்வேர் அத்தான். நூறு ஜன்னல், இருநூறு பட்டன். லேப்டாப் தாங்கல. இது எளிசு. மைக் எத்தனையோ டிராக் அத்தனை. கரண்ட் போனாலும் அதுவரைக்கும் பதிஞ்சது அப்படியே இருக்கும்."

"ஆக, உன்னைவிட நம்பலாம்."

எட்டுப் பேரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். உள்ளே சுட்டது.

அந்த மென்பொருளைத் தேடிப் பல நாள் அலைந்திருந்தான். ஒவ்வொரு டிராக்குக்கும் ஒரு சிவப்புப் புள்ளி. எரிந்தால் பதியும், அணைந்தால் பதியாது. ஏன் அணைத்தாய் என்று அது கேட்காது. அதுதான் அதன் எளிமை.

ஒத்திகையின்போது அக்கா இருமிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு இருமலும் ஹெட்போனில் ஆணியாக இறங்கியது. எரிச்சலில் அவளுடைய புள்ளியை அணைத்தான். ஐந்தாவது மைக்கில் நின்ற டீச்சர் பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றி அக்காவிடம் நீட்டினார். "நீங்க தொண்டையைச் சேர்த்து வைங்க. ஒத்திகைக்கு உங்க சரணத்தை நான் பாடிடறேன்" என்றார். பாடவும் செய்தார். பிறகு நிஜப் பதிவில் அக்கா பாடினாள். இருமவே இல்லை. கூடமே கண் கலங்கியது. அவன் மட்டும் அந்தப் புள்ளியை மறுபடி ஏற்றியிருக்கவில்லை.

பக்கத்து மைக்குகளில் அக்காவின் குரல் சுவருக்கு அப்பால் யாரோ பாடுவதுபோல் மங்கலாகக் கிடந்தது. அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

இன்னும் ஞாயிற்றுக்கிழமை முழுதாக இருந்தது. ஒரு போன் போதும். 'அக்கா, தப்பு பண்ணிட்டேன், இன்னொரு தடவை பாடு.' அவள் திட்டியிருப்பாள், பிறகு வந்திருப்பாள். கடவுள் மனிதனுக்குத் திறந்துவைக்கும் கதவுகள் பெரும்பாலும் இவ்வளவு சின்னவைதான், குனிந்தால் நுழையலாம். அவனுக்கு அத்தானின் சிரிப்புதான் காதில் நின்றது. குனிய மனமில்லை.

ஒத்திகையையும் அவன் பதிந்திருந்தான். ஐந்தாவது டிராக்கிலிருந்து டீச்சர் பாடிய சரணத்தை வெட்டி எடுத்து ஆறாவதில் ஒட்டினான். குரலை ஒரு படி இறக்கி, கொஞ்சம் கனப்படுத்தியதும் அக்காவின் சாயல் வந்துவிட்டது. 'விளக்கை அணைக்காதே, இன்னும் ஒருவர் வர வேண்டும்' என்று தொடங்கும் சரணம். நான்கே வரி. மூச்சு இழுக்கும் இடங்களில் மட்டும் டீச்சர் டீச்சராகவே இருந்தார். அதனால் மூச்சுகளை நீக்கினான்.

முதல் மூச்சை அழித்தபோது பின்னால் ஏதோ கேட்டது. சின்னதாக, யாரோ குளிர்ந்த நீரில் கால் வைத்ததும் உள்ளே இழுப்பதுபோல. லேப்டாப் விசிறி என்று நினைத்தான். இரண்டாவதை அழித்தான். மறுபடியும் அதே இழுப்பு, கொஞ்சம் அருகில். ஹெட்போனைக் கழற்றித் திரும்பிப் பார்த்தான். கதவு. மடக்கிவைத்த மைக் தாங்கிகள். அவற்றின் நிழல். எதிரொலியே இல்லாத அறையில் ஒலி எந்தப் பக்கமிருந்து வந்தது என்று சொல்ல முடியவில்லை. மூன்றாவதை அழித்தபோது பிடரியில் முடி அசைந்தது.

நான்காவதை அழித்தான். ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவனை அங்கிருந்து எழுப்பி வெளியே துரத்தியது.

மறுநாள் காலை பாட்டை அக்கா மகளுக்கு அனுப்பிவைத்தான். சற்று நேரத்தில் அக்கா போனில் வந்தாள்.

"கேட்டேன்டா. என் குரல் மாதிரியே இல்ல, அவ்வளவு நல்லா இருக்கு."

"உன் குரல்தான்க்கா."

"ஆமா, எங்கேடா நான் மூச்சு விட்டேன்? கேட்டுக் கேட்டுப் பாத்தேன், ஒரு இடத்துலயும் காணோம்."

"மூச்சு சத்தத்தை எடுத்துடுவோம். எல்லாரும் செய்றதுதான்."

"மூச்சையே எடுத்துட்டியா. கெட்டிக்காரன்தான்." அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று. அவன் காத்திருந்தான். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டான்.

அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. அக்காவின் கழுத்துத் துளையின்மேல் மெல்லிய வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் அது உள்ளே ஒட்டியது, வெளியே உப்பியது. வார்டில் மருந்து நெடியும் ஈரத் தரையின் வாடையும். அவன் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தபோது டீச்சர் வந்தார். கையில் அதே பிளாஸ்க். அக்காவின் தலையைத் தடவிக் கொடுத்தார். ஒன்றும் பேசவில்லை.

"இவளுக்கும் குரல் போயிடுச்சு தம்பி" என்றார் கூடவே வந்த டீச்சரின் கணவர். "உங்க பதிவு முடிஞ்ச அன்னிக்கு சாயந்திரம். பேசிக்கிட்டே இருந்தா, பட்டுனு நின்னுடுச்சு. டாக்டர் பாத்துட்டு, தொண்டையில ஒரு கோளாறும் இல்லங்கறார்."

டீச்சர் அவனைப் பார்த்துச் சிரித்தார். பரவாயில்லை என்பதுபோல் கையசைத்தார். அவரே அவனைத் தேற்றினார். அவர் பாட்டிலிருந்து அழித்த நான்கு மூச்சுகள் அவன் நினைவுக்கு வந்தன.

ஆனாலும் அன்று அவன் லேப்டாப்பைத் தொடவில்லை. தற்செயல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லிச் சொல்லி, அக்கா வீடு திரும்பும்வரை தள்ளிப்போட்டான். அவள் திரும்பிய மாலைதான் அந்த அறைக்குள் போய்ப் பதிவைத் திறந்தான். சரணத்தை வெட்டி ஐந்தாவதிலேயே திரும்ப வைத்துவிடலாம். வைத்துவிட்டு எல்லாரிடமும் சொல்லிவிடலாம்.

ஐந்தாவதில், வெட்டிய இடத்தில், நேர்கோடு.

ஆறாவதிலும் நேர்கோடு.

தேடினான். அழித்தவை கிடக்கும் இடத்தில் தேடினான். அக்கா மகளுக்கு அனுப்பிய கோப்பின் நகலைத் திறந்தான். சரணம் வரும் இடத்தில் பெஞ்சு கிறீச்சிடும் சத்தம். வெறும் கூடம்.

போன் அடித்தது. அக்கா மகள். அழுகையும் சிரிப்புமாக, "மாமா, உடனே வாங்க. அம்மா பாடுறாங்க."

பின்னணியில் கேட்டது. ஒரு படி இறக்கிய குரல். கொஞ்சம் கனப்படுத்திய குரல்.

அவன் ஓடினான். தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. ஈரச் சாலை. செருப்பு ஒன்று கழன்றது. நிற்கவில்லை. அக்கா வீட்டுப் படியேறும்போதே சரணம் முடிவதும் மறுபடி தொடங்குவதும் கேட்டது. இடையில் ஒரு சின்ன 'டிக்'. அவன் ஒட்டிய இடம்.

கூடத்தில் அத்தான் சுவரோடு சுவராக நின்றார். அக்கா மகள் வயிற்றை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது, கண்களில் இல்லை.

"நிறுத்த மாட்டேங்கறாங்க மாமா."

அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வாய் திறந்து திறந்து மூடியது. விளக்கை அணைக்காதே. உதடுகள் நீலம். இன்னும் ஒருவர் வர வேண்டும். டிக். விளக்கை அணைக்காதே. கண்கள் மட்டும் அவளுடையவை. அவை அவனைத் தேடி வந்து நின்றன.

"அக்கா, தப்பு பண்ணிட்டேன். அது நீ இல்லக்கா. டீச்சர்."

பாட்டு நிற்கவில்லை. அவள் கன்னத்தில் நீர் வழிந்தது.

அவன் முழங்காலிட்டு அவள் வாயைக் கையால் பொத்தினான். குரல் கைக்குள்ளிருந்தும் அதே அளவில் வந்தது. உள்ளங்கையில் காற்றுப் படவில்லை. கொஞ்சம்கூட.

பார்வையை இறக்கினான்.

கழுத்தில் கட்டிய வெள்ளைத் துணி அசையவில்லை. டிக். சரணம் மறுபடி தொடங்கியது. துணி அசையவில்லை.