பெரிய பால்ரஸ்

லோகு பெரிய குண்டைக் கையில் எடுத்ததுதான் ராபினுக்கு முதலில் உறுத்தியது.

எவர்சில்வர் தட்டில் பால்ரஸ் குண்டுகள் பரப்பிக் கிடந்தன. ராபின் வேலை பார்க்கும் உருக்காலையில் தேய்ந்துபோன பேரிங்குகளை உடைத்து எடுத்தவை. மிளகு அளவில் நிறைய, பட்டாணி அளவில் கொஞ்சம், கோலியைவிடச் சற்றுச் சின்னதாக நாலைந்து. மான் வேட்டைக்குப் போவதற்கு முன்னால் இந்தத் தட்டருகே உட்கார்ந்து சண்டை போடாமல் இருவரும் எழுந்ததே கிடையாது. நாட்டுத் துப்பாக்கியின் குழாயில் மருந்தைக் கொட்டித் தேங்காய் நாரை இடித்த பிறகு, அதன்மேல் எதைப் போடுவது என்பதுதான் சண்டை. ஒரே குண்டு, பெரிய குண்டு என்பான் ராபின். பட்டால் விழும், கறி வீணாகாது. லோகு ஒப்ப மாட்டான். "நீ இன்னா பெரிய ஜமீனா, ஒரே தோட்டாவுல சாய்க்கறதுக்கு? பொடிசா ஒரு கை அள்ளிப் போடு நைனா. ஏதோ ஒண்ணு மேல படும்." வருஷக்கணக்காக இதே பேச்சு.

இன்று வேட்டைக்குக் கூப்பிட வந்த லோகு வாதாடவில்லை. பெரியதை எடுத்து உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தான்.

"இதையே போடு. பொடிசு உள்ள போனாதான் வலி. பெருசு தெரியவே தெரியாது."

"உனுக்கு எப்புட்றா தெரியும்?" ராபின் சிரித்துக்கொண்டேதான் கேட்டான்.

லோகு சிரிக்கவில்லை. குண்டை நீட்டினான். அவ்வளவு நேரம் கைக்குள் உருண்ட இரும்பு கொஞ்சமாவது சூடேறியிருக்க வேண்டும். தண்ணீருக்கு அடியிலிருந்து எடுத்ததுபோல் சில்லென்று இருந்தது.

ராபினின் மனைவி ஷைனி டீ கொண்டுவந்து வைத்தாள். "லோகுண்ணா, ஜெபா போட்ற டீ மாதிரி இருக்காது, தைரியமா குடிங்க." எப்போதும் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பான். இன்று டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டீயின் மேல் ஆடை படிந்தது. அவனிடமிருந்து ஏதோ வாடை வந்தது. மட்கிய தைல இலை, ஈர மண், அதற்கும் அடியில், மானின் வயிற்றைக் கீறும்போது முதலில் முகத்தில் அடிக்குமே, அந்த வெதுவெதுப்பான வாடை. மூன்று நாட்களாக மான் எதுவும் கிடைக்கவில்லை என்பது ராபினுக்கு நினைவு வந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் ஏரிக்கரைத் தைலத்தோப்பில் காத்திருந்தது ராபின்தான். மறுபக்கம் சுற்றிப் போய்ப் புதரிலிருந்து மானை விரட்டிவிடுவது லோகுவின் வேலை. மரங்களுக்குள் வெளிச்சம் அடங்கியதும் ராபின் தலையில் மாட்டியிருந்த லைட்டைப் போட்டான். தரையை ஒட்டி இரண்டு புள்ளிகள் மின்னின. குனிந்து மேயும் மானின் கண்கள் அப்படித்தான் மின்னும். கண்ணுக்குக் கொஞ்சம் பின்னால், ஒரு முழம் மேலே தோள் இருக்கும். அங்கே வைத்துச் சுட்டான். புகை கலைந்தபோது புள்ளிகள் இல்லை. கூப்பிட்டுப் பார்த்தான், பதில் இல்லை. வெகுநேரம் கழித்துப் புதரை விலக்கிக்கொண்டு லோகு வந்தான். "தப்பிச்சிக்கினு போயிடுச்சு நைனா" என்றான். அவ்வளவுதான். வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டான்.

தெருவில் ஒரு லோடு லாரி திரும்பியது. அதன் வெளிச்சம் வாசலைத் துடைத்துக்கொண்டு போன ஒரு கணத்தில், படிக்குக் கீழே, தரையை ஒட்டி, இரண்டு கண்கள் வெள்ளையாக மின்னி அணைந்தன.

ராபின் எழுந்துவிட்டான்.

லோகு கழற்றிப்போட்டிருந்த ஷூ. கம்பெனியில் கொடுத்த பாதுகாப்பு ஷூ இரண்டு ஜோடியில் ஒன்றைப் பொங்கலுக்கு ராபின்தான் அவனுக்குக் கொடுத்தான். வியாழக்கிழமையும் அதைத்தான் மாட்டியிருந்தான். குதிகாலில் ஒளி பட்டால் மின்னும் பட்டை. இரண்டு குதிகால். இரண்டு பட்டை. அதற்கு ஒரு முழம் மேலே, முதுகைக் காட்டிக் குத்துக்காலிட்டுப் புதருக்குள் நுழைகிற மனிதனுக்கு என்ன இருக்கும்?

பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் லோகுவின் மனைவி ஜெபாவுக்குப் போன் செய்தான்.

"ஜெபா, லோகு உடம்பு நல்லா கீறானா?"

"இன்னாத்த நல்லா? அன்னிக்கு ரெண்டு பேரும் எதையாச்சும் குடிச்சீங்களா? உண்மைய சொல்லுங்கண்ணா. சோத்த போட்டா பெசஞ்சிக்கினே உக்காந்துகினு கீறாரு, ஒரு வாய் உள்ள போறதில்ல. படுத்தா மோட்டுவளையவே பாத்துகினு கீறாரு. மூச்சு உட்ற சத்தம் கேக்கல, கிட்ட போய் காது வச்சுப் பாத்தேன். ஒரே பேஜாரா கீதுண்ணா. சட்டைய கழட்டுங்க தொவைக்கலாம்னா அடிக்க வர்றாரு."

குழாயை மூடினான். குண்டு பட்டிருந்தால் அங்கேயே விழுந்திருப்பான். பட்டவன் வண்டியில் ஏறி உட்கார்ந்து வருவானா? உரசிக்கொண்டு போயிருக்கலாம். வலியை மறைத்துக்கொண்டு பழிவாங்கத் தோப்புக்குக் கூப்பிடுகிறானோ? அப்படியானால் இன்று துப்பாக்கியை அவன் கேட்பான். கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

உள்ளே வந்ததும் லோகு தலை நிமிராமல் சொன்னான். "நீயே சுடு. நான் விரட்டி உட்றேன்."

ஷைனி சமையலறை வாசலில் நின்றுகொண்டு வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். வாயால் சொல்லவில்லை. அவளுக்கும் அந்த வாடை எட்டியிருந்தது, முந்தானை மூக்கருகே இருந்தது.

ராபினுக்கும் போக விருப்பமில்லை. ஆனால் அந்த இடத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். ரத்தம் இல்லை என்று பார்த்துவிட்டால் போதும். கூட்டாளியைச் சுட்டவன் இல்லை என்று தெரிந்துவிட்டால் போதும். அப்புறம் லோகுவை வலுக்கட்டாயமாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போய் மஞ்சள் காமாலையா, வேறேதாவதா என்று பார்த்துக்கொள்ளலாம். தட்டிலிருந்த குண்டையும், கறிக்குள் தங்கிய பால்ரஸை வெளியே இழுப்பதற்கு வைத்திருந்த பழைய ஸ்பீக்கர் காந்தத்தையும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

லோகுதான் வண்டியை ஓட்டினான். தேர்வாய் கண்டிகை ஆலைகளின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. புகைபோக்கிகளுக்கு மேலே வானம் செங்கல் நிறத்தில் கிடந்தது. ஷிப்டு விட்ட பஸ்கள் எதிரே வந்து, ஹாரனும் புழுதியும் எண்ணெய் நெடியுமாக அவர்களை உரசிக்கொண்டு போயின. சாக்கில் சுற்றிய துப்பாக்கி மடியில். முகத்துக்கு முன்னால், கறுப்புச் சட்டைக்குள் லோகுவின் முதுகு. பள்ளம் மேட்டில் வண்டி குலுங்கும்போது அதுவும் குலுங்கியது. தார் ரோட்டில் வண்டி சீராக ஓடும்போது அசைவே இல்லை. மூச்சு வாங்குகிற முதுகு ஏறி இறங்கும். ராபின் பார்த்துக்கொண்டே வந்தான். ஏறவில்லை. இறங்கவில்லை.

பாக்கெட்டுக்குள் கை போனது. காந்தத்தை எடுத்தான். தோளுக்குக் கீழே, சட்டையில் படாமல், அருகே கொண்டுபோனான். ஒன்றுமில்லை. முதுகெலும்புப் பக்கம் நகர்த்தினான். ஒன்றுமில்லை. கர்த்தாவே, ஒன்றுமில்லை.

இன்னும் கொஞ்சம் கீழே.

காந்தம் கையை இழுத்தது.

விரலை விட்டான். அது விழவில்லை. பிளாஸ்டர் போட்டதுபோல் அந்த முதுகில் ஒட்டிக்கொண்டு நின்றது.

"பாத்துக்கினியா?" லோகு திரும்பாமல் கேட்டான். குரலில் கோபமில்லை.

ராபின் வண்டியின் பின்கம்பியைப் பற்றினான். குதித்துவிடலாம் என்று நினைத்தான். வண்டி அதற்குள் ரோட்டை விட்டு இறங்கிவிட்டது. இரண்டு பக்கமும் தைல மரங்கள் வந்துவிட்டன. ஆலைச் சத்தம் பின்னால் எங்கோ தங்கிவிட்டது.

வண்டி நின்றதும் லோகு இறங்கி, எப்போதும்போல் மறுபக்கம் சுற்றி மரங்களுக்குள் போனான். தப்பி ஓட வேண்டிய நேரம் அதுதான். வண்டியில் சாவி இருந்தது. ராபினின் கால்கள் வேறு திசையில் போயின. வியாழக்கிழமை அவன் நின்ற மரத்திலிருந்து நேர்க்கோடாக. புதருக்குள். லைட்டைப் போட்டான்.

இலைச் சருகுகள் ஒரு ஆள் நீளத்துக்கு அமுங்கிக் கிடந்தன. நடுவில் கறுப்பாக ஒரு பெரிய திட்டு, உலர்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. எறும்புகள் வரிசையாக வந்து வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. பக்கத்து மண்ணில் ஐந்து விரல் பிறாண்டிய கோடுகள். வெகுநேரம் பிறாண்டியிருக்க வேண்டும். அவ்வளவு ஆழம்.

கூப்பிட்டபோது பதில் வரவில்லையே. போய்ப் பார்த்திருக்கலாம். மான் கலைந்துவிடும் என்று நின்ற இடத்திலேயே நின்றோமே.

அங்கேயே உட்கார்ந்தான். "லோகு," என்றான். மறுபடி சொன்னான். "லோகு, என்ன மன்னிச்சிடுடா."

தோப்பு அமைதியாக இருந்தது. மானை விரட்டும்போது லோகு டின்னைத் தட்டுவான், கெட்ட வார்த்தையில் கத்துவான், விசிலடிப்பான். இன்று ஒன்றுமில்லை. காற்றில்லை. பூச்சி இல்லை. அப்புறம், கொஞ்ச தூரத்தில், ஒரு சத்தம். நாக்கால் எதையோ நக்கும் சத்தம். ஒன்றல்ல. பல நாக்குகள்.

லைட்டைத் திருப்பினான்.

கண்கள். இரண்டு. ஆறு. எண்ண முடியாத அளவுக்குக் கண்கள்.

மான் கூட்டம் நின்றிருந்தது. மனித வாடை பட்டாலே பறந்துவிடுகிற புள்ளிமான்கள், கொம்பனும் பெட்டையுமாக, நெருக்கியடித்துக்கொண்டு, வட்டமாக. நடுவில் லோகு. ராபினுக்கு முதுகைக் காட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். சட்டையைத் தோள்வரை சுருட்டி விட்டிருந்தான். அவனுடைய கழுத்தையும் தோளையும் விலாவையும் மான்கள் உப்பு நக்குவதுபோல் நிதானமாக நக்கிக்கொண்டிருந்தன. அவன் அசையவில்லை. ஒரு கையை மட்டும் தூக்கி, அருகிலிருந்த பெட்டையின் தாடையைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

வெளிச்சம் பட்டதும் தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. வாய்கள் கறுத்திருந்தன. ஒன்றுகூட ஓடவில்லை. எல்லாம் ராபினைப் பார்த்தன.

ஒரு குட்டி மட்டும் நிமிரவில்லை. லோகுவின் முதுகில் குண்டு பாய்ந்த குழியில் வாயைப் பொருத்திக்கொண்டு, குட்டை வால் துடிக்க, முட்டி முட்டிக் குடித்துக்கொண்டே இருந்தது.