அலமாரிக்குப் பூஜ்யம்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், அப்புறம் மூக்கு. அதனால்தான் வீட்டில் என்னை மிளகாய் என்று கூப்பிடுகிறார்கள். ஆனால் அந்தத் திங்கட்கிழமை எனக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருந்தது. கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

என் அம்மா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராக அங்கேதான் போவேன். அன்றும் போய், பள்ளிக்கூடத்தில் எடுத்துவந்த கப்பல் கதைப் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். மூன்று நாளாக அதைக் காணவில்லை. தாள் கட்டுகளுக்கு நடுவே நான் குனிந்திருந்தபோது மெஷினிலிருந்து சுடச்சுட ஒரு தாள் நழுவி என் முன்னால் விழுந்தது.

'நம் வட்டாரப் பள்ளிகள்: எது சிறந்தது?' என்று மேலே கொட்டை எழுத்தில் இருந்தது. எங்கள் வட்டாரத்தில் அரசுப் பள்ளிகள் இரண்டு. ஒன்று மணிக்கூண்டுப் பக்கம், இன்னொன்று தண்ணீர்த் தொட்டிப் பக்கம். நான் படிப்பது தண்ணீர்த் தொட்டிப் பள்ளியில்.

வகுப்பறை, கழிப்பறை, மைதானம் எல்லாவற்றிலும் இரண்டு பள்ளிகளும் ஏறக்குறைய சமம்தான். கடைசிக் கட்டத்துக்கு வந்தேன்.

நூலகப் புத்தகங்கள்: மணிக்கூண்டுப் பள்ளி 1,240. தண்ணீர்த் தொட்டிப் பள்ளி 0.

"பூஜ்யமா!"

நான் போட்ட சத்தத்தில், கடை வாசலில் நின்ற தபால்காரர் சைக்கிளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கத்தாதடி மிளகா," என்றாள் அம்மா. "போன வாரமே இத வட்டார ஆபீஸ் வாசல்ல ஒட்டிட்டாங்க. வீட்டுக்கு வீடு கொடுக்க இன்னும் எரநூறு காப்பி வேணுமாம்."

"ஒரு பொய்யை எரநூறு தடவை சொல்லப் போறியாம்மா?"

"அச்சுல வந்திருக்கு. சும்மா போடுவாங்களா?"

"அச்சுப் போடறதே நீதானே!"

அம்மா மேசை இழுப்பறையைத் திறந்து இன்னொரு தாளை எடுத்துக் காட்டினாள். அது மாற்றல் விண்ணப்பம். என் பெயர், என் வகுப்பு, அம்மாவின் கையெழுத்து எல்லாம் அதில் தயாராக இருந்தன. சேர வேண்டிய பள்ளி என்ற இடத்தில் மணிக்கூண்டு என்று எழுதியிருந்தது.

"வெள்ளிக்கிழமை கடைசி நாள். உன் வகுப்புல பாதிப் பேரு வீட்ல இத வாங்கிட்டுப் போயிட்டாங்க. நல்ல பள்ளிக்கூடம் பக்கத்துலயே இருக்கறப்போ, புத்தகமே இல்லாத இடத்துல உன்னை எதுக்கு விடணும்?"

இப்போது என் மூக்கும் சிவந்துவிட்டது. எங்கள் அலமாரி காலியாக இருப்பது உண்மைதான். ஏன் காலி என்று யாராவது கேட்டார்களா? அது எங்கள் டீச்சர் ஏற்படுத்திய பழக்கம். புத்தகங்கள் எல்லாம் பிள்ளைகளின் வீட்டில்தான் இருக்க வேண்டும். ஒன்றைக் கொண்டுவந்து வைத்தால், வைத்த கையை எடுப்பதற்குள் இன்னொரு கை வந்துவிடும். ஏதாவது ஒன்று இரண்டு நாள் அங்கேயே கிடந்தால், "பாவம், இதுக்கு என்ன குறைச்சல்?" என்று டீச்சரே அதன் முதல் பக்கத்தைச் சத்தமாகப் படிப்பார். அன்று சாயங்காலமே அதுவும் யார் வீட்டுக்காவது போய்விடும்.

அந்த நேரம் பார்த்துப் பெரியம்மா மகள் கடைக்கு வந்தாள். அவள் மணிக்கூண்டுப் பள்ளி. என்னைவிட ஒரு வகுப்பு மேலே.

"எங்களுக்கு ஆயிரத்து எரநூத்தி நாப்பது!" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டாள்.

"அதுல நீ எத்தனை படிச்சிருக்கேக்கா?"

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "எல்லாத்தையும் பாத்திருக்கேன். கண்ணாடிக் கதவு வழியா. பீரோ சாவி தலைமையாசிரியர்கிட்ட இருக்கு. தொட்டா அழுக்காயிடும்ல?"

பூட்டி வைத்த புத்தகத்துக்கு ஆயிரத்துச் சொச்சம், படிக்கிற புத்தகத்துக்குப் பூஜ்யம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் நான் வட்டார ஆபீசுக்கே போனேன். பட்டியல் போட்டவர் காதில் பென்சில் செருகியிருந்தார். சண்டை போடலாம் என்று போனால், அவர் எனக்கு நாற்காலி போட்டுவிட்டார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"நான் பொய் எழுதலம்மா. வந்தேன், பாத்தேன், அலமாரி காலி. பூஜ்யம்னு எழுதினேன்."

"புத்தகம் எங்கன்னு எங்க டீச்சரைக் கேட்டீங்களா சார்?"

"அவங்க ஒரு பையனுக்கு முட்டியில ரத்தம் தொடச்சிட்டு இருந்தாங்க. எதுக்குத் தொந்தரவுன்னு வந்துட்டேன்."

"பஸ் ஸ்டாண்டுல ஒரு பஸ்ஸும் நிக்கலன்னா, இந்த ஊர்ல பஸ்ஸே கிடையாதுன்னு எழுதுவீங்களா? ஓடிட்டு இருக்கறதாலதானே சார் அங்க நிக்கல?"

அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். திரும்பவும் அங்கேயே வைத்தார்.

"வியாழக்கிழமை மத்தியானம் வர்றேன். எல்லாத்தையும் அலமாரியில கொண்டுவந்து வைங்க. எண்ணிடறேன்."

அன்று சாயங்காலமே வீடு வீடாகப் புறப்பட்டேன். முதல் வீட்டிலேயே தடங்கல். அங்கே ஒன்றாம் வகுப்பு ஓட்டைப்பல், புத்தகத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"தர மாட்டேன். பூதம் இன்னும் கிணத்துக்குள்ளயே இருக்கு. நான் படிச்சாத்தான் அது வெளிய வரும்."

அவன் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. பிடுங்குவது எனக்கு ஒரு நிமிட வேலை. ஆனால் படிக்கிறவன் கையிலிருந்து பிடுங்கி அலமாரியில் அடுக்குவதென்றால், நான் பேசாமல் மணிக்கூண்டுப் பள்ளிக்கே போய்விடலாமே!

"நீயே வச்சுக்கோடா," என்றேன். "புத்தகத்தோட பேரையும், எந்தப் பக்கத்துல இருக்கேங்கறதையும் மட்டும் ஒரு சீட்டுல எழுதிக் கொடு."

ஓட்டைப்பல் நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினான். 'கிணற்றுப் பூதம், பக்கம் 9.'

அம்மாவின் கடையில், ஒரு பக்கம் அச்சாகி வீணான தாள்கள் மூட்டை மூட்டையாக இருக்கும். புதன்கிழமை சாயங்காலம் முழுக்க அவற்றை வெட்டிச் சீட்டாக்கினேன். அம்மா என்னையே பார்த்தபடி மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை, சொன்னபடி பென்சில்காரர் வந்தார். அலமாரி முழுக்க, காலையில் பிள்ளைகள் எழுதிக் கொடுத்த சீட்டுகள். 'பக்கம் 40.' 'பக்கம் 3, போர் அடிக்குது.' 'இரண்டாம் தடவை படிக்கிறேன்.' அவர் ஒவ்வொன்றாக எண்ணினார். நடுநடுவே சிரித்ததை நான் பார்த்தேன்.

"முந்நூத்திப் பதினேழு."

டீச்சர், யார் எதை எடுத்தார்கள் என்று எழுதும் நோட்டைப் பார்த்தார். "மொத்தம் முந்நூத்திப் பதினெட்டு இருக்கணுமே. கப்பல் கதை வரல. அத எடுத்தது..." என்று நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

என் காது சிவந்தது. இந்தத் தடவை கோபத்தால் அல்ல.

"தொலைஞ்சதுன்னு எழுதட்டுமா?" என்று பென்சில்காரர் தயங்கினார். "பிள்ளைங்க கையில கொடுத்தா இப்படித்தான்னு நாலு பேரு சொல்வாங்களேன்னு பாக்கறேன்."

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஊருக்கெல்லாம் சீட்டு வாங்கியவளின் புத்தகமே இல்லை! எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அது தொலையல சார்."

வாசலில் அம்மா. விரலெல்லாம் மை. கடையைப் பூட்டிவிட்டு ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"கடையில கூட்டம் இல்லாதப்போ நான்தான் படிச்சிட்டிருக்கேன். கப்பல் பனியில மாட்டிக்கிச்சு. இன்னும் நாப்பது பக்கம் இருக்கு."

"ஒரு வாரமாத் தேடினேனேம்மா!"

"கேட்டா வாங்கிடுவியே! பூஜ்யம்னு பாத்தப்பகூட எனக்கு உறைக்கல. மேசைக்குக் கீழ ஒரு புத்தகம், மேசைக்கு மேல புத்தகமே இல்லைங்கற தாள்! நேத்து நீ சீட்டு வெட்டறதப் பாத்தப்பதான் உறைச்சுது."

அம்மா தன் சீட்டை நீட்டினாள். மற்றதைவிடப் பெரிய சீட்டு. பென்சில்காரர் அதைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் என் பெயர், என் வகுப்பு, மணிக்கூண்டு, அம்மாவின் கையெழுத்து.

"இந்தப் பக்கம் மாற்றல் விண்ணப்பமாச்சேம்மா?"

"அந்தப் பக்கம் வேண்டாம் சார். இந்தப் பக்கத்தை மட்டும் எண்ணிக்குங்க."

வெள்ளிக்கிழமை புதுப் பட்டியல் எங்கள் கடை மெஷினிலிருந்து சுடச்சுட வந்தது. அதில் ஒரு கட்டம் கூடியிருந்தது. பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும் புத்தகங்கள்: தண்ணீர்த் தொட்டிப் பள்ளி 318. மணிக்கூண்டுப் பள்ளி 0.

ஓட்டைப்பல்லின் அப்பா வந்து, நிரப்பாத விண்ணப்பம் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார். "பூதம் வெளிய வந்துடுச்சாம். அடுத்த புத்தகத்துக்குச் சீட்டு வேணுங்கறான். இதோட பின்பக்கம் ஆகுமா?"

அப்போதுதான் அக்கா வந்தாள். பட்டியலை எடுத்தாள், படித்தாள். அவளுடைய காது சிவப்பதை அன்றைக்குத்தான் நான் முதல்முதலாகப் பார்த்தேன்.

"எங்களுக்குப் பூஜ்யமா!"

வாசலில் தபால்காரர் மறுபடியும் சைக்கிளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இப்பவே போய் அந்தச் சாவியைக் கேக்கப் போறேன்," என்றாள் அக்கா. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "தனியாப் போகக் கொஞ்சம் பயமா இருக்கு மிளகா. நீயும் வர்றியா?" என்றாள்.

நான் அதற்குள் செருப்பை மாட்டியிருந்தேன்.