இரண்டு விரல் தள்ளி

வெட்டி எடுத்த கண்ணாடித் துண்டில் மகதலேனா இல்லை.

செபாஸ்டியன் அதைக் கண்ணாடி ஜன்னலின் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். சதுப்பு இருந்தது, கோரைப்புல் இருந்தது, அவள் நின்ற இடத்தில் தண்ணீர் இருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில் பட்டறையின் கரிப்புகை நுழையாதிருக்க நண்பகலிலும் சாத்தியே கிடக்கும் அந்த ஸ்டூடியோப் பின்னறையில், வேர்வையும் மருந்தும் கலந்த புழுக்கத்துக்கு அடியிலிருந்து, மாட்டுக் குளம்பை வேகவைத்தது போன்ற ஒரு வாடை மெல்லக் கிளம்பிக்கொண்டிருந்தது. நெகடிவில் பூசுகிற பசை எலும்பில் காய்ச்சுவது; வெக்கையில் வாடை வரும்தான். இவ்வளவு வந்ததில்லை.

காலையில் செமினி எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி பழனியப்பன் வந்து அந்தக் கண்ணாடி நெகடிவைக் கேட்டிருந்தார். கம்பெனிப் புத்தகத்தில் அச்சடிக்க அது லண்டனுக்குக் கப்பலேறுகிறது.

“தொரைக்கு மலை போதுமாம் தம்பி. ஓரத்துல நிக்கிற பொம்பள வேணாம்னுட்டாரு.”

“அது என் சம்சாரம். செத்து ஆறு மாசமாச்சு. அவளுக்கு வேற படம் கெடையாது.”

கிராணி வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கினார். “அப்ப வெட்டிப் பாகம் பிரிச்சுக்குங்க லா. மலை தொரைக்கு, சம்சாரம் உங்களுக்கு. மத்தியானம் வந்து எடுத்துக்கிறேன்.”

மலையின் உயரம் தெரிய வேண்டுமானால் படத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். கல்யாணமான நாள் முதல் அந்த ஆள் மகதலேனாதான். இடது ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி வரும்படி நிறுத்துவான். அசையாதே என்றால், அட்டை காலில் ஏறினாலும் அசைய மாட்டாள். செமினிச் சதுப்பில் அப்படி நின்றவள்தான் காய்ச்சலோடு வீடு திரும்பினாள்.

மலை இருந்த பெரிய துண்டைத் தூக்கினான்.

வெட்டிய புது ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி அவள் நின்றாள்.

நெகடிவில் வெள்ளைப் புடவை கறுப்பாகவும் கருங்கூந்தல் வெள்ளையாகவும் தெரிவது அவனுக்குப் பழகிப்போனது. அந்தப் புடவை வெடிக்கும்படி உடம்பு ஊதியிருந்தது பழக்கமில்லை.

கண்ணாடி அறுக்கும் வைரமுனையை ஓட்டி இன்னும் மூன்று விரல் வெட்டினான். துண்டில் புல் மட்டும். அவள் உள்ளே வந்திருந்தாள். தாடை நெஞ்சில் இறங்கியிருந்தது. அடக்கத்தன்று வராத ஏதோ ஒன்று தொண்டைக்கு ஏறியது. துக்கம் என்று நினைத்தான்.

குமட்டல்.

மறுபடி வெட்டினான். மலையில் பாதி போயிற்று. அவளுக்கு உதடு இல்லை. பல்வரிசை கறுப்பு.

இவளையா வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன்? போ. போய்விடு.

வாசலில் செருப்புச் சத்தம். “தம்பி, மலைய மிச்சம் வச்சிருக்கீங்களா, இல்ல அதையும் சம்சாரத்துக்கே குடுத்துட்டீங்களா?” கிராணி சிரித்தார்.

“ரெண்டு நிமிஷம் ஐயா.”

கத்தியை எடுத்து அவளைச் சுரண்டினான். காய்ந்த பூச்சு தூளாக உதிர வேண்டும். ஈரமாக வந்தது. சளிபோல் நீண்டது. நகக்கண்ணில் ஏறியது. வெதுவெதுப்பாக. தலை. தோள். வயிறு. கால். முடிவில் அவள் இருந்த இடம், அவள் வடிவத்திலேயே, வெறும் கண்ணாடி ஆயிற்று.

தூக்கிப் பார்த்தான். இல்லை. மூச்சு வந்தது.

அந்த வெறுமையின் வழியே ஜன்னல் தெரிந்தது. கண்ணாடியை இறக்கினான்.

ஜன்னல் சட்டம். இடது ஓரம். இரண்டு விரல் தள்ளி. நண்பகல் வெயிலில், சொந்த நிறத்தில்.

அசையாமல் நின்றாள். ஈக்கள் மட்டும் அசைந்தன.