போகாத நாற்பத்தொரு கடிதங்கள்

வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது என் தொழில். அன்று காலை பதினொரு மணிக்கு நான் ஏறிய மாடி எனக்குப் பழக்கமானதுதான். அங்கிருந்த பெரியவருக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் மெயில் அமைத்துக் கொடுத்தவனே நான். அவர் இறந்து பத்து நாள் ஆகியிருந்தது.

"மெயில் வருது, போக மாட்டேங்குது," என்றாள் அவர் மகள். "அண்ணனுக்கு அப்பா போட்டோ அனுப்பணும். சாவுக்கே வரல அவன். 'ரெண்டு வருஷமா எனக்கு ஒரு வரி எழுதாத மனுஷன்தானே'ன்னு போனை வச்சுட்டான்."

அறையில் அவருடைய தைல வாசனை போகவில்லை. மகள் வாசலோடு நின்றுகொண்டாள்.

"ராத்திரியில உள்ள யாரோ டைப் அடிக்கிற சத்தம் கேக்குது," என்றாள் மெதுவாக.

எலியாக இருக்கும் என்றேன். வாய்க்கு என்ன குறைச்சல்.

அவுட்பாக்ஸைத் திறந்தேன். நாற்பத்தொரு கடிதங்கள், எல்லாம் மகனுக்கு. ஒன்றுகூடப் போகவில்லை. கடைசிக் கடிதத்தின் தேதியைப் பார்த்தேன்.

நேற்று.

 அவசரமாக செட்டிங்ஸுக்குள் போனேன். அங்கே அதைவிட மோசமானது காத்திருந்தது. மெயிலை அனுப்பும் சர்வருக்கான போர்ட் எண் 465 என்று இருக்க வேண்டிய இடத்தில் 456. நான் போட்ட எண்.

"தம்பி, என் லெட்டர் போகுதான்னே தெரியல," என்று பெரியவர் உயிரோடு இருந்தபோது இரண்டு தடவை போன் செய்திருந்தார். "நெட் ஸ்லோ சார், தானா போயிடும்," என்று தட்டிக் கழித்தேன். ஊர்க் கோளாறையெல்லாம் கண்டுபிடிக்கிறவன், ஓர் அப்பாவையும் பிள்ளையையும் பிரித்து வைத்திருந்தேன்.

எண்ணைத் திருத்தினேன். கடிதங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின.

என் தோளுக்குப் பக்கத்தில் ஒரு பெருமூச்சு.

மகள் வாசலில்தான் நின்றாள்.

"என்ன கோளாறு?"

"நெட்தாங்க," என்றேன். உண்மையைச் சொல்லத் தைரியம் இல்லை.

போட்டோவை அனுப்பிவிட்டுக் கூடத்தில் அவளுக்குப் பில் எழுதிக்கொண்டிருந்தேன். அண்ணன் போன் செய்தான். அவள் ஸ்பீக்கரைப் போட்டாள். வெகுநேரம் அழுகைதான் கேட்டது.

"அப்பா எழுதிட்டேதான் இருந்திருக்கார். நாப்பத்திரண்டு லெட்டர்."

போட்டோ தவிர நான் அனுப்பியது நாற்பத்தொன்று.

"கடைசி லெட்டர் இப்பத்தான் வந்துச்சு. படிக்கிறேன், கேளு."

அவன் குரல் உடைந்து உடைந்து வந்தது.

"'தவறு அந்தத் தம்பியுடையது. அவனை யாரும் திட்ட வேண்டாம். எண்ணைத் திருத்தும்போது அவன் கை நடுங்கியதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.'"