கௌதியின் வயிறு

கட்டிலின் கால்மாட்டில் மடித்து வைத்திருந்த கௌதிப் போர்வை சூடாக இருந்தது. அது வெயில் எட்டாத மூலை. காலையிலிருந்து யாரும் அதன்மேல் உட்காரக்கூட இல்லை. ஆனாலும் யாரோ அப்போதுதான் எழுந்து போன படுக்கைபோல் கதகதவென்றிருந்தது. ஈரவ்வா கையை எடுத்துக்கொண்டாள். அதைத் தைத்து முடித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

கர்ப்பப்பையை எடுத்து மூன்று வாரம். தண்ணீர்க் குடம்கூடத் தூக்கக் கூடாது என்று சொல்லித்தான் டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார். இதே ஆபரேஷன் செய்துகொண்ட எதிர்வீட்டு நீலவ்வா படுத்தவள் படுத்தவள்தான், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. ஈரவ்வாவுக்கு உலகத்தில் பயம் என்றால் அது ஒன்றுதான். அதனால் வீடு வந்த மறுநாளே பழைய சேலைகளைக் கிழித்து, ஆஸ்பத்திரிக்குக் கட்டிப்போன சேலையை அடியில் விரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கௌதி தைக்க உட்கார்ந்துவிட்டாள். சிவப்பு நூல். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வரும் தையல். ஒரு சுற்று முடிந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் பத்தடி நடப்பாள். நடக்கும்போது சிரித்துக்கொள்வாள், வேண்டுமென்றே.

ஓர்ப்படி கஸ்தூரிக்கு இது பொறுக்கவில்லை.

"படுத்துக்கோக்கா கொஞ்சம். வயித்துத் தையலைப் பிரிச்சு முழுசா பத்து நாள் ஆகல, அதுக்குள்ள கையில தையலா?"

"நான் படுத்தா எனக்கும் சேர்த்து நீ ரொட்டி தட்டணுமே. அந்தக் கவலையா உனக்கு?"

"தட்டறேன் போ. மூஞ்சியக் கண்ணாடில பாத்தியா? நீலவ்வாவும் இப்படித்தான் வெளிறிப்போனா."

"அவ படுத்தா. நான் படுக்க மாட்டேன்டி, எழுதி வச்சுக்கோ!"

அந்த வீம்பில்தான் தப்பு நடந்தது. கௌதியின் நடுவில் கடைசி உள்ளங்கை அகலத்தை மூடுமுன் ஒரு துண்டு ரொட்டியை உள்ளே வைத்துத் தைக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். அதன் வயிறு காலியாக இருக்கக் கூடாது. ஈரவ்வா கோபத்தில் விறுவிறுவென்று மூடி முடிச்சும் போட்டுவிட்டாள்.

"யவ்வா! ரொட்டி வைக்கலியே!" என்றாள் கஸ்தூரி.

"துணிக்கு என்னடி பசி?"

இன்று மதியம் எல்லோரும் சோளம் அறுக்கப் போயிருந்தார்கள். கரிசல் காட்டிலிருந்து அறுப்பாட்களின் பேச்சு காற்று திரும்பும்போது மட்டும் கேட்டு அடங்க, அடுப்பில் ஆறிய ரொட்டிக்கல்லின் தீய்ந்த வாசனையோடு, கட்டிலின் கால்மாட்டிலிருந்து ஆஸ்பத்திரி மருந்து நெடி மெல்ல மெல்ல எழுந்து கூடம் முழுக்கப் பரவியது. ஈரவ்வா மூன்று ரொட்டியும் கத்திரிக்காயும் தின்றிருந்தாள். பசி அடங்கவில்லை. இரண்டு நாளாகவே அடங்கவில்லை. இடுப்பு இளைத்து, சேலைக் கொசுவத்தில் இரண்டு மடிப்பு கூடியிருந்தது.

கௌதியைப் பெட்டிக்குள் போடலாம் என்று இழுத்தாள். முந்தாநாள் மடியில் கிடந்த துணி. இன்று அசையவில்லை.

வயிறு உறுமியது. தன் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். அங்கே சத்தமில்லை.

மறுபடியும் உறுமியது. கால்மாட்டில்.

கத்தினால் காட்டுக்குக் கேட்காது. ஓடலாம் என்றால் பத்தடிதான் ஓட முடியும். கஸ்தூரி வந்தால் படுக்கத்தான் வைப்பாள். இதையேதான் போர்த்தியும் விடுவாள்.

பயத்துக்கு மேல் கோபம் வந்தது. மிச்ச ரொட்டியை எடுத்தாள். கத்தரிக்கோலை எடுத்தாள். முடிச்சை வெட்டினாள்.

நாலே நாலு சேலை ஆழம். கை மணிக்கட்டுவரை போயிற்று. அப்புறமும் போயிற்று. ஈரமாக இருந்தது. வெதுவெதுப்பு. விரலிலிருந்து ரொட்டியை எதுவோ வாங்கிக்கொண்டது. மெல்லும் சத்தம். பிறகு, விரல் நுனியை நக்கியது.

கையை உருவினாள்.

"தின்னுட்டல்ல? அவ்வளவுதான். என்கிட்ட இருந்து இனி ஒரு துளி கெடைக்காது. வாய மூடு."

ஊசியில் சிவப்பு நூலைக் கோத்தாள். முதல் தையல் போட்டாள். தொப்புளுக்குக் கீழே சுருக்கென்றது. இரண்டாவது. அங்கேயும் இரண்டாவது. கண்ணில் நீர் வந்தது. மூன்றாவது.

"படுக்க மாட்டேன்," என்றாள். நாலாவது.

அப்போது நூல் உள்ளிருந்து இழுபட்டது.

ஈரவ்வா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு எதிர்த்து இழுத்தாள். வயிற்றில் சேலை விலகியது. குனிந்து பார்த்தாள். டாக்டர் தையல் பிரித்த வெறும் தழும்பில், இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை சிவப்பு நூல் ஓடியது. அவள் கைத்தையலேதான். அதன் மறுநுனி கௌதியின் வாய்க்குள் போயிருந்தது.

கௌதிக்குள் இருந்தது மெதுவாக இழுத்தது. வயிற்றில் முதல் தையல் உருவிக்கொண்டது.

ஈரவ்வா காலைத் தரையில் ஊன்றி எழுந்து நின்றாள். நூலை விடவில்லை.