கோதண்டத்தின் சொந்த வீடு

மழை வலுத்ததும் கோதண்டம் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். வால்டாக்ஸ் சாலை நடைபாதையில் ஜன்னல் ஏது? வெறும் காற்றில் கையை நீட்டித் தாழ்ப்பாளும் போட்டுவிட்டு, தலையில் நீர் சொட்டச் சொட்டப் படுத்துக்கொண்டார்.

அவர் காதுக்குப் பின்னால் இருந்த இல்லுணர்வி அரிசி அளவுதான். வீட்டில் இருக்கிறோம் என்ற நிம்மதி மூளையில் எங்கே பிறக்கிறதோ, அந்த இடத்தை விடாமல் தூண்டும். சுவரையும் கூரையையும் மனசே எழுப்பிக்கொள்ளும். வீடு கட்டித் தருவதைவிட இது மலிவு என்று மாநகரக் குடியமர்வுத் துறைக்குத் தோன்றிவிட்டது. நடைபாதைவாசிகள் முண்டியடித்துப் பொருத்திக்கொண்டார்கள். கோதண்டத்தின் மனைவி பவுனம்மாள் மட்டும் ஊசிக்குப் பயந்து ஒதுங்கிவிட்டாள்.

இப்போது அவருக்குக் காய்ச்சல் கொதித்தது. இன்னும் நனைந்தால் ஆள் தேறமாட்டார் என்று மருந்துக்கடைக்காரர் சொல்லியிருந்தார்.

"எந்திரிய்யா, காப்பகத்துக்குப் போலாம்."

"சொந்த வூட்ட வுட்டுட்டு எவனாவது காப்பகத்துல படுப்பானா? உள்ள வா, சாரல் அடிக்குது."

காப்பகக் காவலாளி வில்சனைச் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று பொய் சொல்லித்தான் இழுத்துப் போனாள்.

காப்பகத்தில் கட்டில்கள் காலியாகக் கிடந்தன. ஆனால் வாசலில் வாய்மைக்கதவு இருந்தது. வீடுள்ளவர்கள் ஓசிக்கட்டிலுக்கு ஆசைப்படாமல் இருக்க வைத்த கதவு. குரலைக் கேட்டே மெய்யா பொய்யா என்று கண்டுபிடித்துவிடும். ஒருமுறைக்கு ஒருவரைத்தான் விடும். கதவு கோதண்டத்திடம் கேட்டது.

"உங்களுக்கு வீடு இருக்கிறதா?"

"இல்லைன்னு சொல்லுய்யா," என்று கெஞ்சினாள்.

அவள் முகத்துக்காக, "இல்ல" என்றார். சிவப்பு விளக்கு எரிந்தது. வீட்டு உரிமையாளர் என்று கதவு அவரைப் பதிந்துகொண்டது.

"பாத்தியா, மிசினுக்கே தெரியுது," என்றார் பெருமையாக.

பவுனம்மாள் சொன்னபோது கதவு உடனே திறந்தது. காய்ந்த மெத்தையைப் பார்த்தாள். உள்ளே போகவில்லை.

"நீயே இவர உள்ள தள்ளிடேன் வில்சா."

"என் பேச்ச அது கேக்காதுக்கா. நான் இன்னா பண்ணட்டும்," என்று வில்சன் தலை குனிந்துகொண்டார்.

திரும்பி வந்து, அவர்மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தினாள். வீட்டுக்குள் எதற்கு இது என்று அவர் தள்ளிவிட்டார். நடுங்கிக்கொண்டே சிரித்தார்.

"ஏன் அழுவுற? சொந்த வூட்ல உசுரு போறதுக்கும் குடுத்து வச்சிருக்கணும்."

விடிவதற்குள் போய்விட்டார்.

அடக்கம் முடிந்தும் மழை விடவில்லை. காப்பகத்துக்குப் போனாள். அங்கே போக இனி அவள் யாரையும் ஏமாற்ற வேண்டியதில்லை.

"உங்களுக்கு வீடு இருக்கிறதா?"

"இல்லப்பா," என்றாள்.

பச்சை விளக்கு எரிந்தது, அணைந்தது. கதவு கொஞ்சம் யோசித்தது.

"உங்கள் குரல் உண்மை பேசுகிறது. ஆனால் உங்கள் கணவரின் வீட்டுக்கு நீங்களே வாரிசு என்பது உங்களுக்கு இன்னும் தெரியவில்லை. எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள். தயவுசெய்து வீட்டுக்குப் போங்கள்."